மாண்டிசோரி முதலில் பாடம் சொன்ன பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை பிறந்ததும் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை மின்கம்பங்களிலும் ஆட்டோக்களின் பின்புறத்திலும் மழலையர் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்கள் ஏறிவிடுகின்றன. அவற்றில் பலவற்றில் ‘மாண்டிசோரி முறைக் கல்வி’ என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய மரியா மாண்டிசோரி மறைந்தது 1952ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி. அவர் பெயரைச் சொல்லி நம் ஊர்ப் பள்ளிகள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பருவத்தில்தான் அவருடைய நினைவு நாளும் வருகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையையோ மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு இத்தகைய பள்ளிகளின் படியேறும் தாய்மார்கள், ‘இங்கே சரிப்பட்டு வராதும்மா, ஸ்பெஷல் ஸ்கூலா பாருங்க’ என்ற பதிலோடு திரும்பி வருவதும் இதே பருவத்தில்தான். தொடக்கப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றபின் இப்பிள்ளைகள் சிலருக்கு வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்லிவருபவள் நான். பெயர்ப்பலகையும் அந்தப் பதிலும் ஒரே வாசலில் இருப்பதைப் பொறுக்கமாட்டாமல் இதை எழுதுகிறேன். மாண்டிசோரி அம்மையார் முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தது, நாம் இன்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் இந்தப் பிள்ளைகளைப் போன்றவர்களுக்குத்தான்.

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்த அவர், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாட்டில் மருத்துவம் படித்துத் தேறிய முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர். பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளராக இருந்தபோது, நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்று வரவேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அக்காலத்தில் வேறு புகலிடம் இல்லாததால், மனநோயுற்ற பெரியவர்களோடு அவர்களையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். அத்தகைய ஓர் அறையில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதாக, காவலுக்கு இருந்த பெண் அருவருப்போடு சொன்னாள் என்றும், மாண்டிசோரி அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. கையில் எடுக்க, உருட்ட, பிசைய, அடுக்க அந்த அறையில் ஒரு பொருளும் இல்லை. பசியால் அல்ல, கைக்கு வேலை வேண்டித்தான் பிள்ளைகள் துணுக்குகளைத் தேடுகிறார்கள் என்பது அவருக்கு விளங்கிற்று. அன்றைய மருத்துவ உலகம் அப்பிள்ளைகளைக் குறித்த சொற்களை இன்று அச்சில் எழுதவும் கை கூசும். அந்தச் சூழலில் ஓர் இளம் மருத்துவருக்கு அது புலப்பட்டது என்பதை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன்.

அவருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். பாரிஸில் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த இட்டார்ட், காட்டில் தனித்துத் திரிந்து பிடிபட்ட ஒரு சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்பிக்கப் பல ஆண்டுகள் முயன்றார். அவருடைய மாணவர் செகான் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்றே பாரிஸில் பள்ளி நடத்தி, பின்னர் அமெரிக்கா சென்று அங்கும் இப்பணியைப் பரப்பி, 1880இல் மறைந்தார். இவர்கள் எழுதியவற்றை அப்போது மருத்துவர்களே மறந்துவிட்டிருந்தார்கள். மாண்டிசோரி அவற்றைத் தேடிப் பிடித்து, செகானின் அறுநூறு பக்கப் பிரெஞ்சு நூல் உள்பட, தம் கைப்பட இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நிதானமாக எடைபோட்டுப் பார்க்கவே அப்படி எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1898இல் டூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில், இக்குழந்தைகளின் குறை முதன்மையாக மருத்துவத்தின் பொறுப்பன்று, கல்வியின் பொறுப்பு என்று அவர் பேசியபோது, மருத்துவரே இப்படிச் சொல்கிறாரே என்று அவையோர் வியந்திருக்கக்கூடும். 1900இல் ரோமில் இக்குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று, ஆசிரியர் பயிற்சியோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. அதை இணைந்து நடத்தும் பொறுப்பேற்ற அவர், இரண்டு ஆண்டுகள் காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை பிள்ளைகளோடு இருந்து தாமே பாடம் சொன்னார். இரவில் அன்றன்று கண்டவற்றைக் குறித்துவைத்தார். அந்த இரண்டு ஆண்டுகளே கல்வியியலில் தாம் பெற்ற முதல் பட்டம், உண்மையான பட்டம் என்று பின்னர் எழுதினார்.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பற்றி ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவரிடம் இருந்த ஒரு சிறுமிக்குக் கையில் வலு இருந்தும் தையல் வரவில்லை. ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாக மாறிமாறிச் செலுத்தும் எளிய தையல்கூடக் கைகூடவில்லை. மாண்டிசோரி ஊசியையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டார். நீளவாட்டில் கீற்றுக் கீற்றாக நறுக்கிய காகிதத்தில், குறுக்கே வேறொரு காகிதப் பட்டையை ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று கோத்துச் செல்லும் பாய் பின்னலை அச்சிறுமிக்குக் கொடுத்தார். அதில் அவள் தேர்ந்தபின் மறுபடியும் தையலுக்கு அழைத்து வந்தபோது, சிரமமின்றித் தைத்தாள். தையலுக்கு வேண்டிய கையசைவு தையல் இல்லாமலே பழகிவிட்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை வரவில்லை என்றால் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி வதைக்காமல், அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் அசைவு எது என்று பிரித்தறிந்து அதைத் தனியே பழக்குவது என்பதே அவர் அங்கே கற்றுக்கொண்ட பாடம். இன்று மழலையர் பள்ளி அலமாரிகளில் பொத்தானும் கயிறும் கோத்த சட்டங்கள் இருக்கின்றனவே, அவை எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வந்தவைதாம்.

செட்டிநாட்டில் இதை விளக்கக் காகிதமே தேவையில்லை. என்னிடம் வரும் ஒரு சிறுமிக்கு டவுன் சிண்ட்ரோம், விரல்கள் தளர்வானவை, பென்சிலைப் பிடித்தால் நழுவிவிடும். அவளுக்காக நான் வண்ணக் காகிதத்தை நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த அவள் அப்பத்தா, ‘பேப்பர் எதுக்கு டீச்சரம்மா, கிழிஞ்சுதானே போகும்? நம்ம ஓலை இருக்கே’ என்று சொல்லி, மறுநாள் கொட்டான் முடையச் சாயம் ஏற்றி வைத்திருந்த பனையோலைக் கீற்றுகளைக் கொண்டுவந்தார்கள். கொட்டான் முடைவதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். கொஞ்சம் அகலமாக வகிர்ந்த கீற்றுகளை ஒரு பலகையில் குத்தி நிறுத்தி, பேத்தியின் கையைப் பிடிக்காமல், தன் கையை மட்டும் அவள் கண்ணெதிரே மெல்ல மெல்ல அசைத்துக் காட்டினார்கள். ஓலைக்கு ஒரு விறைப்பு உண்டு. விரலை அழுத்தச் சொல்கிறது, தப்பாகக் கோத்தால் உடனே எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தவற்றைப் பொருளே காட்டிக்கொடுக்கவேண்டும், ஆசிரியர் அதட்டக்கூடாது என்று மாண்டிசோரி வற்புறுத்தியதை அந்த அப்பத்தா படித்திருக்க வாய்ப்பில்லை. இன்று அச்சிறுமி தன் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை தானே போட்டுக்கொள்கிறாள். பென்சில் இன்னும் நழுவத்தான் செய்கிறது. அதற்கு இன்னும் காலம் வேண்டும். அவளையும் ஒரு பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும், அப்பள்ளியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன். ஏனெனில் இது ஒரு பள்ளியின் வழக்கம் மட்டுமன்று.

செகானிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிப் பாடமும் அப்படிப்பட்டதே. முதலில் பொருளைத் தொடவைத்து ‘இது வழவழப்பு, இது சொரசொரப்பு’ என்று மட்டும் சொல்லவேண்டும். அடுத்து ‘எது வழவழப்பு? எடுத்துக் கொடு’ என்று கேட்கவேண்டும். அது பழகியபின்பே ‘இது என்ன?’ என்று கேட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து சொல்லை வரவழைக்கவேண்டும். பேச்சு வராத பிள்ளைகூட இரண்டாம் படி வரை வந்துவிடும். தனக்குத் தெரியும் என்பதைக் கையால் காட்டிவிடும். மூன்றாம் படியிலிருந்தே தொடங்கி, பதில் வராவிட்டால் ‘ஒண்ணும் தெரியலை’ என்று முடிவுகட்டுவது நம் வகுப்பறைகளின் பொதுவான பழக்கம். வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல் ஒரு துண்டும் உப்புத்தாள் ஒரு துண்டும் இருந்தால் எந்த அங்கன்வாடியிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம்.

அவருடைய பிள்ளைகளுள் சிலர் பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான எழுத்துத் தேர்வில் அவர்களோடு சேர்ந்து அமர்ந்து தேறினார்கள். எல்லோரும் அதை அற்புதம் என்று கொண்டாடியபோது, மாண்டிசோரிக்கு வேறொரு கேள்வி எழுந்தது. என் பிள்ளைகள் இவர்களுக்கு ஈடாக வந்துவிட்டார்கள் என்றால், நல்ல உடலும் நல்ல அறிவும் வாய்த்த பிள்ளைகளை இவ்வளவு தாழ்வாக வைத்திருப்பது எது என்று அவர் யோசித்தார். அந்தக் கேள்விதான் 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்படவும், 1909இல் அவர் நூல் வெளிவரவும், உலகெங்கும் அவர் பெயர் பரவவும் காரணமாயிற்று. முதல் பள்ளியின் பிள்ளைகளுக்காகத் தச்சர்களைக் கொண்டு, உயிரெழுத்துகளுக்குச் சிவப்பும் மெய்யெழுத்துகளுக்கு நீலமும் பூசிய மர எழுத்துகளைச் செய்வித்திருந்தார். விரலால் தடவிப் பார்த்துக் கற்பதற்காகச் செய்தவை அவை. சான் லொரென்சோவில் அவ்வளவு செலவுக்கு வழியில்லாததால் உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். இன்று விலையுயர்ந்த பெட்டிகளில் விற்கப்படும் உப்புத்தாள் எழுத்துகள் பிறந்த கதை இதுதான். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய தலைமுறைகளின் வாரிசுகளான நமக்கு, தொடு உணர்வின் வழியே எழுத்து மனத்தில் பதியும் என்பது புதிய செய்தியும் அன்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1901க்குப் பிறகு மாண்டிசோரி அந்த முதல் பிள்ளைகளிடம் தம் முழுநேரப் பணியாகத் திரும்பிச் செல்லவில்லை. அவருடைய பெரும்புகழ் முழுவதும் பொதுப் பிள்ளைகளின் கல்வியால் வந்தது. இதை எண்ணும்போது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தாம் பட்ட கடனை மறைத்ததில்லை. தம் நூலின் தொடக்கப் பகுதியிலேயே இட்டார்டையும் செகானையும் அந்த இரண்டு ஆண்டுகளையும் விரிவாக எழுதியிருக்கிறார். அதே சாதனங்கள் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கல்வியைச் சாத்தியமாக்குகின்றன, மற்றப் பிள்ளையைத் தானே கற்கத் தூண்டுகின்றன என்ற வேறுபாட்டையும் அவரே சுட்டிக்காட்டினார். எனவே, நம் பிள்ளைகளை மாண்டிசோரி வகுப்பில் உட்காரவைத்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அருகிலிருந்து தூண்ட, பொறுத்திருக்க, படியைச் சிறிதாக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வேண்டும் என்பதைக் காரணமாகக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அவர் நமக்கு அந்நியருமல்லர். 1939ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்ம ஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்றுத் தம் மகன் மரியோவோடு சென்னை வந்து, அடையாற்றில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஆசிரியர் பயிற்சி அளித்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் ஆங்கில அரசு மரியோவைச் சிறைக் காவலில் வைத்து, அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று மகனை விடுவித்தார்கள். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி அங்கும் பிள்ளைகளோடு பணிசெய்து, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அதன் பின்னரும் ஒருமுறை இந்தியா வந்தார். தமிழ்நாட்டில் இவ்வளவு காலம் வாழ்ந்த ஒருவருடைய பெயரை நாம் பலகையில் எழுதிக்கொண்டோம். அவர் தொடங்கிய இடத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்கை தரவேண்டும் என்கிறது. ஆனால் இலவசக் கல்வி என்னும் உரிமையை அது 6 வயது முதல் 18 வயது வரை என்று வகுத்திருக்கிறது. மூளையும் கையும் நாவும் மிக வேகமாக வளரும் வயது அதற்கு முந்தையது. அந்த ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதைப் பத்து வயதில் ஈடுகட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இப்பணியில் இருக்கும் எந்தச் சிறப்பாசிரியரும் சொல்வார். மாவட்டத் தலைநகரில் ஆரம்பநிலைச் சிகிச்சை கிடைக்கிறது என்றாலும், பள்ளத்தூரிலிருந்தோ கண்டனூரிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போய்வரும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. சில வாரங்களில் அவர் போய்வருவதே நின்றுவிடுகிறது. பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியும் அங்கன்வாடியும் கதவைத் திறந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் பாடம் கிடைக்கும்.

பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒரு செய்தியும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஒதுக்கவேண்டும், எல்.கே.ஜி. இருக்கும் பள்ளியில் அது எல்.கே.ஜி.யிலிருந்தே தொடங்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்ற வரையறைக்குள் வந்துவிட்டார்கள். நான் அறிந்த பெற்றோரில் இதைக் கேள்விப்பட்டவர்களே அரிது. இந்த ஒதுக்கீடு ஏழைகளுக்கு மட்டும் உரியது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளி நடத்துபவர்களின் சிரமத்தை நான் அறியாதவள் அல்லேன். பயிற்சி பெற்றவர் இல்லை என்பார்கள். மற்றப் பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்பார்கள். முதலாவதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. கோட்டையூரில் பிறந்து, தம் செல்வத்தைக் கல்விக்கென்றே வாரி வழங்கி, 1957இல் மறைந்த வள்ளல் அழகப்பர் உருவாக்கிய வளாகத்தில் வளர்ந்த பல்கலைக்கழகத்தில் இன்று சிறப்புக் கல்வி கற்பிக்கப்படுகிறது. அங்கே பயில்பவர்களின் கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதியைச் சுற்று வட்டார மழலையர் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அமைக்கும்படி பல்கலைக்கழகத்தையும், வட்டார வள மையச் சிறப்பாசிரியர்கள் இப்பள்ளிகளுக்கும் சென்றுவர வழிசெய்யும்படி கல்வித் துறையையும் வேண்டுகிறேன். சாதனங்களுக்குப் பெருநகரக் கடைகளை நம்பவேண்டியதில்லை. தேக்கில் நிலைக்கதவு இழைத்த ஆசாரிமார்களின் பரம்பரை இன்னும் இங்கே இருக்கிறது. உருளைகளையும் பொத்தான் சட்டங்களையும் அவர்கள் மிஞ்சிய மரத் துண்டுகளிலேயே கடைந்து தருவார்கள். இரண்டாவது சிரமத்துக்கு, மாண்டிசோரி வகுப்பறையே பதிலாக இருக்கவேண்டும். மூன்று வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில், அவரவர் பாயில், அவரவர் வேகத்தில் வேலைசெய்யும் அமைப்பு அது. அங்கே ஒரு பிள்ளை மெதுவாகக் கற்பது எவருடைய பாடத்தையும் தடுக்காது. தடுக்கிறது என்றால், அங்கே நடப்பது பலகையில் எழுதியிருக்கும் முறை அன்று.

ஊர்விட்டு ஊர் சென்று பொருளீட்டியவர்கள் சொந்த ஊரில் பள்ளியும் கல்லூரியும் கட்டிய மண் இது. அவர்களின் வாரிசுகள் திருமணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் ஊர் வரும்போது, தங்கள் பெயரில் நடக்கும் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளையாவது படிக்கிறதா என்று ஒரு முறை கேட்கவேண்டும் என்பது என் விருப்பம். அறக்கட்டளையின் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தாலே தலைமையாசிரியரின் அறையில் பதில் மாறும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மருத்துவச் சான்றையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் பிள்ளைக்கு மூன்று வயது ஆகும் முன்பே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். இடம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னால், காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தந்த காரணத்தோடு முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனுக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் இந்த ஒதுக்கீட்டுக்கான விண்ணப்பத் தேதிகளை வெளியிடும்போது, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் இதில் உரிமை உண்டு என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சிடவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.